நீலம் ஐம்பத்தொன்று

லென்ஸ்காரர் ஏணியில் ஏறிவிட்டால் கீழே அவர் மனைவி நிற்க வேண்டும். வேறு யார் நின்றாலும் அவருக்குக் கை ஓடாது. கல்யாணமான இரண்டாம் மாதம் ஆரம்பித்த ஏற்பாடு, இருபத்திரண்டு வருஷம் அப்படியே நடந்தது. காலையில் சமையலை முடித்து, வீட்டைப் பூட்டி, சாவியை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டரின் பின்னால் மடக்கு ஏணியை மடியில் சாய்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்து போவதைத் தெருவே பார்க்கும். அவருக்கு லென்ஸ்காரர் என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. அவளுக்கு மட்டும் தனிப் பெயர் ஒன்றும் அமையவில்லை. லென்ஸ்காரர் வீட்டம்மா, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம், ஹோட்டல், ஆபீஸ் என்று எங்கெங்கே பெரிய ஹால் இருக்கிறதோ அங்கெல்லாம் கூரையில் ஒரு ப்ரொஜெக்டர் தொங்கும் அல்லவா, அதைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்த் தூசி தட்டி, படத்தைச் சரி செய்துவிட்டு வர வேண்டும். கேட்க லேசாக இருக்கும். ஆனால் அந்த மிஷினின் மெனுவைத் திறந்தால் உள்ளே போகப் போகப் போய்க்கொண்டே இருக்கும். வெளிச்சம், அழுத்தம், கோணம், நிறம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கெடும்.

முதலில் எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் கீஸ்டோன். படம் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் விழும், அதை நேராக்குவதற்கு அந்தப் பெயர்.

"மேல இருக்கறவரே, வலது மூலை தூக்கிட்டு நிக்குது."

"எவ்ளோ?"

"ஒரு விரல்."

"யார் விரலு? உன்னுதா, என்னுதா?"

"என்னுது. உங்க விரல்னா அரைன்னு சொல்லியிருப்பேன்."

ஹாலில் நாற்காலி துடைத்துக்கொண்டிருப்பவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள்.

கடைசியில்தான் நிறம். அதற்குப் பெரிய கம்பெனிக்காரர்கள் மீட்டர் வைத்திருக்கிறார்கள். இவரிடம் இருந்தது அவள் கை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, ஜன்னல் ஓரத்தில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன் மேல் அவள் வலது கையை வைக்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்திருந்தார். அதைப் பென் டிரைவில் போட்டு வைத்திருந்தார். திரையில் அந்தக் கை ஆளுயரத்துக்கு விழும். அவள் திரையின் ஓரமாக நின்று, நிஜக் கையைச் சுவரோடு வைத்து, இடது கையால் ஒரு சின்ன டார்ச்சை அதன் மேல் அடிப்பாள். படத்தில் இருக்கும் கையும் டார்ச் வெளிச்சத்தில் இருக்கும் கையும் ஒரே நிறமாகிற வரைக்கும் அவர் ரிமோட்டைத் தட்டிக்கொண்டே இருப்பார்.

"மனுஷங்க மூஞ்சி மனுஷங்க மூஞ்சியா தெரிஞ்சா போதும், மரம் மட்டையெல்லாம் தானா சரியாயிடும்" என்பாள் அவள்.

சரியான இடம் வந்ததும் "போதும்" என்பாள். அந்த 'போதும்' எப்போதும் ஒரு தட்டு தாமதமாகத்தான் வரும். அவர் ஒரு எண் பின்னால் போவார்.

"நீ போதும்னு வாயத் தொறக்கறதுக்குள்ள ஒண்ணு தாண்டிடுதுடி."

"நல்லாப் பாத்துட்டுத்தான சொல்ல முடியும்? உங்கள மாதிரி வாய் முன்னாடி போகுமா எனக்கு?"

இருபத்திரண்டு வருஷத்தில் அவளும் முந்திச் சொல்லப் பழகவில்லை, அவரும் பின்னால் போவதை விடவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, தேதி, ஹால், சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவு என்று எழுதிக்கொண்டுதான் ஏணியை விட்டு இறங்குவார்.

அந்த வருஷம் வெயில் முடிந்தும் முடியாமல் மழை பிடித்துக்கொண்டது. சாவி கொடுக்க வருகிறவள் கையைச் சொறிந்துகொண்டே வருவாள். கேட்டால், "ஹோட்டல் கம்பளத்துல என்ன பூச்சியோ, உடம்பெல்லாம் அரிக்குது" என்பாள். கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. "இளைச்சிட்டியே" என்றோம். "ஏணிய நீங்க தூக்குங்க, நீங்களும் இளைப்பீங்க" என்றாள். கொஞ்சம் நிறம் மங்கினாற்போல்தான் இருந்தது. வெயிலில் அலைகிறாள், கருத்துவிட்டாள் என்று நினைத்தோம். பார்த்துக்கொண்டே இருக்கிற முகத்தில் என்ன தெரியும், சொல்லுங்கள்?

முதலில் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. தலைமையாசிரியை பேசினாள்.

"என்னங்க, நீங்க வந்துட்டுப் போனதுலேர்ந்து படத்துல எல்லாரும் ஒரு மாதிரி மஞ்சளா இருக்காங்களே?"

"லேம்ப் பழசாயிருக்கும் டீச்சர். வந்து பாக்கறேன்."

அடுத்தது ஹோட்டல் மேனேஜர். அவர் பேச்சில் சூடு இருந்தது.

"நேத்து முதலாளி பேசினாரு. ஸ்கிரீன்ல பாத்தா ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா வந்து நிக்கற மாதிரி இருக்காரு. வந்தவங்கள்லாம் உடம்புக்கு என்னன்னு விசாரிக்கறாங்க. அவரு என்னைய முறைக்கறாரு!"

லென்ஸ்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் நிறத்தில் ஒரு சொல் வாங்கியதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் புது லேம்ப் வாங்கினார், ஒயரை மாற்றினார், லென்ஸை மூன்று தடவை துடைத்தார். பிறகு மனைவியைக் கூட்டிக்கொண்டு போய், பகலிலேயே ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு ஹாலை இருட்டாக்கி, ஏணியில் ஏறினார். தலைமையாசிரியையும் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்து நின்றாள்.

அங்கே தனித் திரை கிடையாது, கை சுவரிலேயே விழுந்தது. இவள் டார்ச்சை அடித்தாள்.

"நீலம் இன்னும் ஜாஸ்தியாத்தான் இருக்குங்க. கொறைங்க."

"கொறைக்கறதா? மஞ்சளா இருக்குன்னுல்ல சொல்றாங்க?"

"எனக்குத் தெரியறத சொல்றேன். கொறைங்க."

குறைத்தார். நாற்பத்தேழிலிருந்து நாற்பத்தைந்து, நாற்பத்திரண்டு, நாற்பது.

"இன்னும்... இன்னும்... போதும்."

ஒரு எண் திரும்பினார். முப்பத்தெட்டில் நின்றது. பிள்ளைகளின் ஆண்டுவிழாப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார். அத்தனை பிள்ளைகளும் சாமந்திப்பூ நிறத்தில் நின்றார்கள்.

"என்னங்க இது! போக்கச் சொன்னா ஏத்தி வெக்கறீங்க?" என்று தலைமையாசிரியை சிரித்தேவிட்டாள்.

சிரித்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஏணியிலிருந்து தடதடவென்று இறங்கினார்.

"ஏண்டி, உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? வெளியாளு முன்னாடி என்ன நிக்க வெச்சு அசிங்கப்படுத்தறியே!"

அவள் டார்ச்சை அணைக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. கத்தாம வந்து நீங்களே பாருங்க" என்றாள் மெதுவாக.

மறுபடியும் கைப் படத்தைப் போட்டுவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தார். அங்கே பிசகே இல்லை. சுவரில் இருந்த கையும் படத்தில் இருந்த கையும் ஒரே துணியில் வெட்டினாற்போல் இருந்தன. கொஞ்ச நேரம் இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கும் ஒண்ணாத்தான்டி தெரியுது."

"அப்ப?"

"அப்ப ரெண்டு பேருக்கும் கண்ணு போச்சு, வேற என்ன. நாளைக்குக் கண்ணாடிக் கடைக்குப் போவோம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சேந்தே போச்சே, அந்த மட்டுக்கும் நல்லது."

தலைமையாசிரியையிடம் இரண்டு நாள் தவணை கேட்டார். "பரவால்ல, அதுவரைக்கும் நாங்க மஞ்சளாவே இருந்துக்கறோம்" என்றாள் அவள். அவளும் நல்ல மனுஷிதான்.

மறுநாள் மழை விட்டிருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் முதலில் இவரை உட்கார வைத்து எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். குறை ஒன்றும் இல்லை, கிட்டப் பார்வைக்கு மட்டும் ஒரு கண்ணாடி போதும் என்றார். அடுத்து அவளை உட்கார வைத்தார். கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தாள். கடைக்காரர் எழுந்து அவள் நாற்காலியை வாசல் பக்கம் வெளிச்சத்துக்குத் திருப்பினார். கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். இரண்டாவது கண்ணையும் பார்த்தார்.

"அம்மா, பார்வை அருமையா இருக்கு. என்னைவிட நல்லாத் தெரியுது உங்களுக்கு."

"அப்பாடா. இவரு அவிஞ்சு போச்சுன்னாரு."

"ஆனா கண்ணு மஞ்சளா இருக்கும்மா. வெள்ளை முழி ரெண்டும். கண்ணாடியெல்லாம் வேணாம். சார், இவங்கள டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. இன்னிக்கே போங்க."

மேஜையில் கண்ணாடி துடைக்கிற வெள்ளைத் துணி ஒன்று கிடந்தது. லென்ஸ்காரர் அதை விரித்தார். அவள் வலது கையை எடுத்து அதன் மேல் வைத்தார். வாசல் வெளிச்சம் நேராக விழுந்தது. நகம், முட்டி, மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என்னங்க?" என்றாள்.

"மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"எத்தன நாளா இப்படி மஞ்சளா இருக்காங்க? வீட்ல யாராவது கவனிச்சீங்களா? உத்தேசமா சொல்லுங்க, போதும்."

அவர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். பக்கங்களைப் புரட்டினார்.

"போன மாசம் பன்னெண்டாம் தேதி அஞ்சு. இருபத்தெட்டாம் தேதி பதினொண்ணு. முந்தாநேத்து பதினாலு."

"என்ன அது? வீட்லயே ஏதாவது டெஸ்ட் எடுத்தீங்களா?"

"நீலம் டாக்டர். நீலம் கொறைச்சிருக்கேன்."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. அவர் ஏணி, டார்ச், போட்டோ எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் பேனாவை மூடாமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அதாவது, அவங்க நிறம் மாற மாற, நீங்க படத்த மாத்தியிருக்கீங்க."

"ஆமாங்க. படம்தான் தப்புன்னு நெனச்சேன். கை தப்புன்னு தோணவே இல்ல." நோட்டை மூடிக்கொண்டே கேட்டார். "பன்னெண்டாம் தேதியே வந்திருந்தா?"

"இப்ப வந்திருக்கீங்கல்ல, மேல ஆக வேண்டியதப் பாப்போம்" என்றாள் டாக்டரம்மா. அது பதில் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

கணையத்தில் கட்டி. பித்தம் இறங்கும் வழியை அடைத்துவிட்டது, கல்லீரலிலும் பரவிவிட்டது. உள்ளே ஒரு குழாய் வைத்தார்கள். அரிப்பு கொஞ்சம் அடங்கியது. நிறமும் இறங்குகிற மாதிரி இறங்கி மறுபடியும் ஏறிக்கொண்டது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

வெளியூரில் வேலையில் இருந்த மகள் லீவு போட்டுவிட்டு வந்துவிட்டாள். நிறத்திலும் நெற்றியிலும் அப்படியே அப்பா. முன்னறை ஜன்னல் ஓரமாகக் கட்டிலை இழுத்துப் போட்டார்கள். இவர் வேலைக்கே போகவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, எதையோ கண்டுபிடிக்கப் போகிறவர்போல அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் கஞ்சி கொண்டுபோனபோது ஒருநாள் காதில் விழுந்தது.

"அன்னிக்கு டீச்சர் முன்னாடி அப்படிப் பேசிட்டேனே."

"எப்படி?"

"கண்ணு அவிஞ்சு போச்சான்னு."

"பேசினதாலதான கண்ணாடிக் கடைக்குப் போனோம்? இல்லன்னா இன்னும் நீலத்தக் கொறைச்சுட்டு நின்னிருப்போம்."

"இருபத்திரண்டு வருஷமா பாக்கற கை. எனக்குத் தெரியலையே."

"தெரிஞ்சிருந்தா மட்டும்? மெனுவத் தொறந்து சரி பண்ணியிருப்பீங்களா? எனக்கென்ன ரிமோட்டா இருக்கு?" சிரித்தாள். சிரித்தால் இருமல் வந்தது. மகள் ஓடிவந்து முதுகைத் தடவினாள். இரண்டு வாய் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை.

ஹோட்டல்காரர்கள் காத்திருக்காமல் வேறு ஆளை வைத்துச் சரி செய்துகொண்டார்கள். பள்ளிக்கூடம் மட்டும் அப்படியே கிடந்தது. அவளுக்கு அதுவே ஒரு கவலை.

"போய் சரி பண்ணிட்டு வாங்களேன். பாவம், அத்தன புள்ளைங்களும் என்ன மாதிரி தெரியுதுங்க."

"நீ எழுந்திரு. ரெண்டு பேருமாப் போவோம்."

"வெளையாடாதீங்க. என் கைய வெச்சா இனிமே ஒரு ஹாலும் உருப்படாது." மகளைக் கூப்பிட்டாள். "இங்க வா. கைய இங்க வை."

தலையணை உறையை அவளே இழுத்துச் சுருக்கம் நீக்கினாள். மழைக்கு நடுவில் காலை வெளிச்சம் பளிச்சென்று வந்திருந்த நேரம். மகள் கை அந்த வெள்ளை உறையின் மேல். "விரல விரிச்சு வை. மோதிரத்தக் கழட்டு, வெளிச்சம் தெறிக்கும். ம், இப்ப எடுங்க" என்றாள் அவரிடம். எடுத்தார். "எங்க, காட்டுங்க." பார்த்தாள். "ஆடிடுச்சு. இன்னொண்ணு."

மூன்றாவது படத்தில் சரியாக வந்தது.

"இதப் பென் டிரைவுல போட்டுக்குங்க. என்னுத அழிச்சிடுங்க. ரெண்டும் இருந்தா அவசரத்துல குழப்பம்."

"சரி."

"சரின்னா? அழிங்க."

அன்று சாயங்காலம் கேட்டாள், அழித்தாயிற்றா என்று. "அழிச்சுட்டேன்" என்றார்.

அதற்கப்புறம் ஒன்பது நாள் இருந்தாள். பத்தாம் நாள் காலையில், மகள் தேநீர் போட உள்ளே போயிருந்த நேரம், இவர் மடியில் இருந்த கை லேசாகக் கனத்தது. அவ்வளவுதான். தூங்குகிறாள், எழுப்பாதே என்று மகளிடம் சைகை காட்டினாராம். தேநீர் ஆறி ஆடை கட்டுகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஒரு மாதம் கழித்துத் தலைமையாசிரியை போன் செய்தாள். "அவசரமே இல்லீங்க. நீங்க வர்ற வரைக்கும் அந்த மிஷின யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். எப்ப முடியுமோ அப்ப வாங்க" என்றாள்.

மகள்தான் பிடிவாதமாகக் கிளப்பினாள். "அம்மா சொன்னது அது ஒண்ணுதான் பாக்கி. நான் ஊருக்குப் போறதுக்குள்ள முடிச்சிடுவோம், கெளம்புப்பா." எங்களிடம் சாவி கொடுத்துவிட்டு, ஸ்கூட்டரின் பின்னால் ஏணியை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். தெரு முனை திரும்புகிற வரைக்கும் நாங்கள் வாசலிலேயே நின்று பார்த்தோம். அங்கே நடந்ததெல்லாம் அவள் திரும்பி வந்து சாவி வாங்கும்போது, எங்கள் வாசலில் நின்றபடி சொன்னதுதான்.

ஹாலில் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார்கள். அப்பா ஏணியில் ஏறினார். இவள் கீழே டார்ச்சோடு நின்றாள்.

"ஏன்ப்பா, மெனுல ரீசெட்னு ஒண்ணு இருக்கே. அத அமுக்கினா எல்லாம் பழையபடி வந்துடாதா?"

"மிஷினுக்குப் பழையபடி வரும். இந்தச் சுவரு வெள்ள இல்ல, சந்தன கலரு. கம்பெனி வெச்ச நீலம் ஐம்பது இதுக்குப் பத்தாது, கைய வெச்சுத்தான் பாக்கணும். உங்கம்மா ஐம்பத்திரண்டுல நிறுத்துவா."

பென் டிரைவைச் செருகினார். மிஷின் கொஞ்ச நேரம் யோசித்தது. முதல் படம் தானாகத் திறந்தது.

அம்மாவின் கை.

அழித்துவிட்டேன் என்று சொன்ன படம். நீலம் முப்பத்தெட்டில் நின்றுபோன மிஷினில், ஆளுயரத்துக்கு, மஞ்சளாக. அந்தக் கடைசி ஒன்பது நாளும் அவர் மடியில் எந்த நிறத்தில் கிடந்ததோ, அதே நிறத்தில்.

மிஷினின் காற்றாடி மட்டும் ஓடியது.

"அப்பா."

"ம்."

"அடுத்தது போடுப்பா."

"இரு."

அவள் இருந்தாள். டார்ச் வெளிச்சம் எங்கேயோ தரையில் கிடந்தது. எவ்வளவு நேரம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. பிறகு அவரே பொத்தானை அமுக்கினார். இவள் கை வந்தது. இதுவும் அதே மஞ்சளில். நகம்கூட மஞ்சள்.

அதைப் பார்த்ததுதான் தாமதம், "ஐயையோ" என்று ஒரு குரல் மேலிருந்து வந்தது. ரிமோட்டை அவர் தட்டிய வேகம் இருக்கிறதே, கீழே வரை கேட்டதாம். நாற்பது, நாற்பத்துமூன்று, நாற்பத்தாறு. இவள் அவசரமாகக் கையைச் சுவரில் வைத்து டார்ச்சை அடித்தாள்.

"மெதுவாப்பா! இன்னும்... இன்னும் கொஞ்சம்... மெதுவா... போதும்!"

சரியான இடத்தில் சொல்லியிருந்தாள். இளசு, கண்ணும் வாயும் ஒன்றாக ஓடுகிற வயசு. படத்தில் இருந்த கையும் சுவரில் இருந்த கையும் இம்மியும் பிசகவில்லை. நீலம் ஐம்பத்திரண்டு.

மேலே ஒரு தட்டு கேட்டது. எண் ஒன்று பின்னால் போனது.

"ஏன்ப்பா? சரியாத்தான இருந்துச்சு? இப்ப ஒண்ணு கொறைஞ்சிடுச்சு பாரு. லேசா மஞ்சள் தட்டுது."

அவர் ரிமோட்டைப் பார்த்தார். தன் கட்டை விரலைப் பார்த்தார்.

"திருப்பி ஏத்துப்பா."

"இருக்கட்டும்மா" என்றார்.

ஏணியிலேயே உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். தேதி போட்டார். பள்ளிக்கூடம், நீலம் ஐம்பத்தொன்று என்று எழுதிக்கொண்டு இறங்கினார்.